கேள்வி–பதில்: டப்ளின் தந்த பெண் ராஜபார்ட்

பதினெட்டாம் நூற்றாண்டின் அயர்லாந்து நடிகை பெக் வாஃபிங்டனைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த முறை பதில். ஒரே விஷயத்தைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: இவர் பிறந்தது 1714 என்று ஒரு புத்தகம் சொல்கிறது, 1720 என்று இன்னொரு புத்தகம் சொல்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

1720-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனுக்குத் தென்மேற்கே, தேம்ஸ் கரையில் டெடிங்டன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே புனித மரியாள் ஆலயத்தில் அவருடைய நினைவுக் கல் உண்டு. 1720 அக்டோபர் 18-இல் பிறந்தார், 1760 மார்ச் 28-இல் காலமானார், வயது 39 என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். அதே கல்லில், ஆறு மாதமே வாழ்ந்த தங்கை மகன் ஹோரஸின் பெயரும் இருக்கிறது.

இன்னொரு கணக்கு டேட் வில்கின்சன் என்ற நடிகரால் வந்தது. வாஃபிங்டன் கடைசியாக நடித்த 1757-இல் அவருக்கு 44 வயது இருக்கும் என்று 1790-இல் அச்சான தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். மேடையில் நோய் தாக்கி விழப்போன ஒரு பெண்ணைப் பார்த்துக் கண்ணால் போட்ட மதிப்பு அது. அதை நம்பினால், 1730-களின் தொடக்கத்தில் சிறுவர் குழுவில் ஆடியபோது அவருக்கு 18 வயதாவது ஆகியிருக்க வேண்டும். சிறுவர் குழுவுக்கு அது ஒத்துவராது. கல்லின் கணக்குப்படி பார்த்தால் எல்லாம் அந்தந்த இடத்தில் உட்காருகிறது: பத்துப் பதினொரு வயதில் சிறுவர் நாடகம், 16 வயதில் டப்ளினில் ‘ஹாம்லெட்’ நாடகத்தின் ஒஃபீலியா, 20 வயதில் லண்டன்.

கேள்வி: தெருவில் கீரை விற்ற சிறுமி ஒரு கழைக்கூத்தாடியின் கண்ணில் பட்டு நடிகையானார் என்பது உண்மையா?

கழைக்கூத்தாடி உண்மை. கீரைக் கூடை பின்னால் சேர்ந்த அலங்காரமாக இருக்கலாம். அப்பா டப்ளினில் கொத்தனார். பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா துணி துவைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அந்தச் சமயத்தில் மேடம் வயலாண்ட்டி என்ற கயிற்று நடனக்காரி டப்ளினில் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார். லண்டனில் 1728-இல் ஜான் கே எழுதி வெளிவந்த ‘பிச்சைக்காரன் ஓபரா’ அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது. அதை முழுக்க முழுக்கக் குழந்தைகளை வைத்தே நடத்தினார் வயலாண்ட்டி. அந்தக் குழந்தைகளில் ஒருத்தி பெக்.

கீரைக் கூடையை விடக் கயிறு முக்கியம் என்போம். கயிற்றில் நிற்பவர் முதலில் கற்பது, உடம்பின் கனம் எந்தக் காலில் இருக்கிறது என்பதை எந்நேரமும் அறிந்திருப்பது. பிறகு ஏஞ்சர் தெரு அரங்கில் அவருக்குக் கிடைத்ததும் நடன வேலைதான். நாடகத்தின் அங்கங்களுக்கு நடுவே வந்து ஆடிவிட்டுப் போக வேண்டும். பேசும் பெரிய வேஷம் 1737 பிப்ரவரி 12-இல்தான் வந்தது, அதுதான் ஒஃபீலியா. ஆண் வேஷத்தில் அவருடைய நடையும் நிற்பும் ஊரை மயக்கியதற்கு அடித்தளம் அந்தக் கொட்டகையில் போடப்பட்டது.

கேள்வி: நடிகைகள் ஆண் உடை போடுவது அன்றைக்கு ஒன்றும் புதிதில்லை என்கிறார்கள். அப்படியானால் சர் ஹாரி வைல்டேர் வேஷத்துக்கு ஏன் அத்தனை கூட்டம்?

புதிதில்லை என்பது சரி. இங்கிலாந்தில் பெண்கள் தொழில்முறை மேடையேறியதே 1660-இல்தான். சீக்கிரமே அவர்களுக்குக் கால்சட்டை மாட்டிவிட்டார்கள். கணுக்கால் வரை பாவாடை மறைத்த காலத்தில், முழங்காலுக்குக் கீழே கட்டும் கால்சட்டையும் காலுறையும் போட்ட நடிகையைப் பார்க்கக் காசு கொடுக்க ஆள் இருந்தது. இதை மூடி மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த வேஷங்களில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. முதல் வகையில் பாத்திரம் பெண்தான், கதைக்காக ஆணாக மாறுவாள். ‘படைக்கு ஆள் சேர்க்கும் அதிகாரி’ நாடகத்தில் சில்வியா, ஜாக் வில்ஃபுல் என்ற பெயரில் இளைஞனாக வருவாள். ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில் ரோசலிண்டும் அப்படித்தான். பார்ப்பவருக்கு ரகசியம் தெரியும், கடைசியில் குட்டு உடையும். நடிகை ஆணாக நடப்பதில் கொஞ்சம் பிசகினாலும் அது வேஷத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு பெண் ஆணாக நடிக்கத் தடுமாறுவதுதானே கதை!

வைல்டேர் அப்படியில்லை. அயர்லாந்தின் டெர்ரி ஊர்க்காரர் ஜார்ஜ் ஃபார்க்கர் எழுதி 1699-இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் அரங்கேறிய ‘நிலைமாறாத இணை’யின் நாயகன் அவன். பிரான்சிலிருந்து திரும்பிய பணக்கார உல்லாசி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஆண். குட்டு உடைவதே கிடையாது. மாட்டிக்கொண்டால் ஒளிந்துகொள்ளக் கதையில் ஓர் இடுக்கும் இல்லை. ராஜபார்ட் என்றால் ராஜபார்ட்தான். அதற்கு மேல், அந்த வேஷத்துக்கு ஏற்கெனவே ஓர் உரிமையாளர் இருந்தார். டப்ளினில் வளர்ந்த ராபர்ட் வில்க்ஸ் அதை முதலில் நடித்து, 1732-இல் இறக்கும்வரை தன் சொத்தாகவே வைத்திருந்தார். அவரை நேரில் பார்த்திருந்த ரசிகர்கள் இன்னும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

வாஃபிங்டன் 1740-இல் இதை டப்ளினில் செய்தார். அதே ஆண்டு நவம்பர் 6-இல், ஜான் ரிச் நடத்திய லண்டன் கவென்ட் கார்டன் அரங்கில் சில்வியாவாக அறிமுகமானார். நவம்பர் 21-இல் வைல்டேர். வரிசையைப் பாருங்கள். முதலில் பாதுகாப்பான வகை. ஊர் ஏற்றுக்கொண்டது தெரிந்ததும், பதினைந்தே நாளில் ஆபத்தான வகை. பிற்பாடு டேவிட் கேரிக்கே வைல்டேரை எடுத்துப் பார்த்துக் கைவிட்டார். ஆண் நடிகர்களில் அந்தத் தலைமுறையின் முதல் பெயர் கேரிக் என்பதை நினைத்துப் பார்த்தால், வாஃபிங்டன் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

கேள்வி: ஒப்பனை அறைக்குள் வந்து, “பாதி அரங்கு என்னை ஆண் என்றே நம்புகிறது” என்றாராம். சக நடிகர் குவின், “மீதிப் பாதிக்கு உண்மை தெரியுமே” என்றாராம். நடந்ததா?

சொல்பவருக்குச் சொல்பவர், பதில் சொன்னவரின் பெயர் மாறுகிறது. அதுவே இது ஊர்சுற்றிய துணுக்கு என்பதற்குப் போதும். இந்தத் துணுக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான், அரங்கை நம்பவைத்த வேலையை விட்டுவிட்டு அவருடைய படுக்கையறையைப் பேசும் வழக்கம் வந்தது. மேற்கோள் காட்டாமல் இருப்பது நல்லது.

கேள்வி: எங்கள் நாடகக் குழுவில் ஒரு மாணவி வைல்டேராக நடிக்கிறார். 1740-களின் முறையில் செய்ய விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது, எதில் சறுக்குவோம்?

செருப்பிலிருந்து தொடங்குங்கள். அன்றைய ஆண்களின் காலணிக்கும் குதிகால் உயரம் உண்டு. மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரமுள்ள கெட்டிக் குதிகாலை ஒத்திகையின் முதல் நாளிலேயே போட வேண்டும். கடைசி வாரத்தில் மாட்டினால் பழகிய நடை முழுக்க வீணாகும்.

அடுத்தது நிற்பு. இரு பாதங்களும் வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும், ஒன்று முன்னால். கனம் முழுக்கப் பின்காலில், முன்கால் முட்டி தளர்வாக. இப்படி நின்றால் முன்காலின் கெண்டைச்சதை பார்ப்பவர் பக்கம் தெரியும், அதில் கனவான்களுக்குப் பெருமை. இன்றைய நடிகைகள் ஆண் என்றதும் கால்களை அகட்டி, தோளை முன்தள்ளி, இரண்டு காலிலும் கனத்தைச் சமமாக வைக்கிறார்கள். அது முரடனின் நிற்பு. வைல்டேர் நடனம் பழகியவன், பிரான்ஸ் போய் வந்தவன்.

உடையில் கவனிக்க வேண்டியது மேலுடம்பு. அன்றைய பெண் உடையில் திமிங்கிலத்தின் வாயில் வளரும் வளைந்துகொடுக்கும் தகடுகளை வைத்துத் தைத்த இறுக்குக்கச்சு முதுகைப் பிடித்து நிறுத்தும். ஆண் உடையில் அது கிடையாது. நீளச் சட்டை, தொடை வரை இறங்கும் இடைக்கோட்டு, அதற்கு மேல் முழங்கால் வரை மேல்கோட்டு. 1740-களின் மேல்கோட்டுக்கு இரு பக்கமும் மடிப்புகள் வைத்து விறைப்பாக்கியிருப்பார்கள். அதனால் கைகள் உடம்போடு ஒட்டித் தொங்காது, கொஞ்சம் விலகியே நிற்கும். கச்சுக்குப் பழகிய நடிகை அதைக் கழற்றியதும் முதல் சில நாள் கூன் போடுவார். முதுகு தானாக நிற்கும்வரை உட்கார்ந்து பேசும் காட்சிகளைத் தள்ளிவையுங்கள்.

வாள் இடப்பக்கம் தொங்கும். கைப்பிடியைக் கீழே அழுத்தினால் உறையின் நுனி பின்னால் மேலெழும், பின்னே நிற்பவர் காலில் இடிக்கும். கைப்பிடியைச் சற்றுத் தூக்கினால் நுனி இறங்கும். திரும்பும்போதும் கதவு வழியே வரும்போதும் இடக்கை கைப்பிடிக்குப் போய்விட வேண்டும், இது யோசிக்காமல் நடக்க வேண்டும். உட்காரும் முன் உறையைப் பின்னால் தள்ளாவிட்டால் நாற்காலிக் கையில் மாட்டிக்கொண்டு ஆளை இழுக்கும். முக்கோணத் தொப்பி பெரும்பாலும் இடது அக்குளில்தான் இருக்கும். பொய்முடி கலையாமல் இருக்க அதுதான் வழி. பொடி டப்பியில் உண்மையான பொடி வேண்டாம், வசனத்தின் நடுவே தும்மல் வரும். காலி டப்பி போதும். மூடியை விரலால் ஒரு தட்டுத் தட்டி, திறந்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை. இந்த மூன்று செய்கையும் ஒரு வாக்கியத்தின் நீளத்துக்குள் முடிய வேண்டும்.

குரலைக் கட்டையாக்க முயலாதீர்கள். மூன்றாம் அங்கத்துக்குள் தொண்டை கட்டும், ஐந்து அங்கம் தாங்காது. சொந்தச் சுருதியிலேயே பேசி, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மேலே தூக்காமல் சமமாக இறக்கினாலே போதும்.

பழைய முறையில் பாடம் பண்ணவும் முயன்று பாருங்கள். அன்று எந்த நடிகருக்கும் முழு நாடகத்தைக் கையில் கொடுப்பதில்லை. அவர் பேச வேண்டிய வரிகளும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் எதிராளி பேசி முடிக்கும் கடைசி மூன்று நான்கு சொற்களும் மட்டும் தனித்தாளில் எழுதிக் கொடுப்பார்கள். கையால் எழுத வேண்டிய காலத்தில் கூலியும் காகிதமும் மிச்சம். நடிப்பில் கிடைத்த லாபம், அடுத்து என்ன வரும் என்று தெரியாமல் எதிராளியை உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. ஒரு பொறியும் உண்டு. எடுப்பு, அதாவது அந்தக் கடைசிச் சொற்கள், எதிராளியின் பேச்சில் முன்னாலேயே ஒரு முறை வந்துவிட்டால், நடிகர் பாதியில் புகுந்து விடுவார். தாள் தயாரிப்பவர் அப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் பார்த்து, அங்கே மட்டும் எடுப்பை ஏழெட்டுச் சொல்லாக நீட்டிவிட வேண்டும்.

அபாயமான காட்சி ஒன்று உண்டு. ஒருவனுடைய சூழ்ச்சியால் ஒரு நல்ல குடும்பத்து வீட்டை விலைமாதர் வீடு என்று வைல்டேர் தப்பாக நினைத்து, ஏஞ்சலிக்காவிடம் விலை பேசுகிறான். இதில் நடிகை கண்ணடித்து ‘நான் பெண்தான்’ என்று அரங்குக்குச் சாடை காட்டினால் கைதட்டல் கிடைக்கும், காட்சி செத்துவிடும். ஏஞ்சலிக்காவின் கோபம் நிஜமாக இருக்க, எதிரே நிற்பவன் நிஜமாக இருக்க வேண்டும்.

கேள்வி: அன்றைய அரங்கில் விளக்கு, கட்டணம், நேரம் எல்லாம் எப்படி?

மாலை 6 மணிக்குத் தொடங்கும். ஐந்து அங்க நாடகம், நடுநடுவே பாட்டும் நடனமும், கடைசியில் ஒரு சிறு நாடகம். லண்டனில் பாக்ஸ் 5 ஷில்லிங், மேடைக்கு முன்னுள்ள பெஞ்சுகள் 3, முதல் கேலரி 2, உச்சிக் கேலரி 1 ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. மூன்றாம் அங்கம் முடிந்து வந்தால் பாதிக் கட்டணம். அதனால் கடைசி இரண்டு அங்கத்துக்குக் கூட்டமும் இரைச்சலும் கூடும். காசுள்ள ஆண்கள் மேடையின் மேலேயே ஏறி நிற்பதும் உண்டு. கேரிக் லண்டனில் அதை ஒழித்தது 1760-களில்தான்.

வெளிச்சம் முழுக்க மெழுகுவத்தியும் கொழுப்பு வத்தியும்தான். மேலே வளையங்களில் தொங்கும், முன்னே மேடை விளிம்பில் ஒரு வரிசை. பார்வையாளர் பகுதியும் கடைசிவரை எரிந்துகொண்டே இருக்கும். மேடையின் பின்பாதி இருட்டு, அதனால் நடிப்பு முழுக்க முன்மேடையில். கொழுப்பு வத்தி புகையும், நாறும். திரி கருகினால் ஒருவர் வந்து கத்தரித்துவிட்டுப் போவார். முந்தைய கேள்வியைக் கேட்ட குழுவுக்கு ஒரு வார்த்தை: நிஜ நெருப்பு வேண்டாம். மெழுகுவத்தி வெளிச்சத்தின் நிறவெப்பம் சுமார் 1,900 கெல்வின். அதை ஒட்டிய மஞ்சள் பல்புகளை முன்விளிம்பில் தாழ்வாக வையுங்கள்.

கேள்வி: ஜார்ஜ் ஆன் பெல்லமி என்ற நடிகையை மேடையில் கத்தியால் குத்தினாராமே?

மாவீரன் அலெக்சாண்டரின் இரு மனைவியரைப் பற்றிய ‘போட்டி ராணிகள்’ நாடகத்தில் ரொக்ஸானா ஸ்டாட்டிராவைக் குத்துவது கதையிலேயே இருக்கிறது. ரொக்ஸானா வாஃபிங்டன், ஸ்டாட்டிரா பெல்லமி. நிஜக் கோபத்தோடு குத்த வந்தார் என்று சொல்வது பெல்லமியின் தன்வரலாறு. அது வந்தது 1785-இல், வாஃபிங்டன் இறந்து 25 ஆண்டு கழித்து. மறுத்துப் பேச ஆள் இல்லாத காலம். இருவருக்கும் ஆகாது என்பது மட்டும் பொய்யில்லை. நகைச்சுவை நடிகர் சாமுவேல் ஃபூட் இந்தச் சண்டையை வைத்தே ஒரு கேலி நாடகம் போட்டார்.

ஆனால் அதே பெல்லமி சொல்லும் துணி விவரம் நம்பத்தக்கது, ஏனென்றால் அது வெளிச்சத்தின் இயல்போடு பொருந்துகிறது. வேல்ஸ் இளவரசரின் விதவை உடுத்திய உடை ஒன்றை வாங்கி வாஃபிங்டனுக்குக் கொடுத்திருந்தார் ரிச். நிறம் வைக்கோல் மஞ்சள். பெல்லமிக்குப் பாரிசிலிருந்து வந்த உடை ஆழ்ந்த மஞ்சள். பகலில் இரண்டுமே அழகு. மெழுகுவத்தி முன்னால் ஆழ்ந்த மஞ்சள் ஜொலித்தது, பக்கத்தில் நின்ற வைக்கோல் மஞ்சள் அழுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. விளக்கே மஞ்சளாக இருக்கும்போது வெளிர்மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அன்றைய நடிகை துணி எடுக்கும்போது அதை வத்தி முன்னால் விரித்துப் பார்க்க வேண்டியிருந்தது இதனால்தான்.

கேள்வி: கேரிக்கைக் காதலித்து ஏமாந்தார் என்பார்கள்.

1742 கோடையில் இருவரும் டப்ளினில் ஸ்மாக் ஆலி அரங்கில் சேர்ந்து நடித்தார்கள், லண்டனில் சில காலம் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் அங்கே தேநீர் குடித்ததை நினைவுகூர்ந்தார். பெக் தேநீரைக் கெட்டியாகப் போட்டுவிட்டார் என்று கேரிக் முணுமுணுத்தாராம். “ரத்தம் போலச் சிவந்திருக்கிறது” என்பது புகார். தேயிலை விலை உயர்ந்த பண்டம், கேரிக் கைச்சிக்கனக்காரர். பிறகு பிரிந்தார்கள், 1749-இல் கேரிக் ஈவா மரியா ஃபைகல் என்ற நடனக்காரியை மணந்தார். ஏமாந்தார் என்று சொல்ல நாம் யார்? பிரிந்தபின்தான் வாஃபிங்டனின் சம்பளம் உச்சத்துக்குப் போனது.

கேள்வி: எவ்வளவு சம்பாதித்தார்?

1751-இல் டப்ளின் திரும்பி, தாமஸ் ஷெரிடன் நடத்திய ஸ்மாக் ஆலியில் சேர்ந்தார். முதல் பருவத்துக்கு 400 பவுண்டு. அடுத்ததற்கு ஒரேயடியாக 800. ஷெரிடன் தாராளமாகக் கொடுத்ததாக எண்ண வேண்டாம், அவருக்குக் கணக்குத் தெரியும். லேடி டவுன்லி, மரியா, வைல்டேர், ஹெர்மியோனி என்ற நான்கே வேஷங்கள், ஒவ்வொன்றும் பத்து இரவுக்கு மேல். வசூல் 4,000 பவுண்டைத் தாண்டியது. அதாவது ஒரு ராத்திரிக்கு 100 பவுண்டு அளவில். ஒரே நாடகத்தைத் திரும்பப் போட்டால் கூட்டம் தேயும் சின்ன ஊரில் இது நடந்தது.

இதைவிடப் பெரிதாக நாங்கள் மதிப்பது அவருடைய ஒழுங்கு. விளம்பரத்தில் பெயர் வந்துவிட்டால் வந்து நிற்பார் என்ற பெயர் அவருக்கு இருந்தது. அன்றைய நடிகர்களுக்கு ஆண்டுக்கொரு உதவி நாடக இரவு உண்டு. அரங்குச் செலவாக லண்டனில் சுமார் 60 பவுண்டைக் கழித்துக்கொண்டு மிச்ச வசூலை நடிகருக்குக் கொடுப்பார்கள். சிறு நடிகரின் இரவுக்குக் கூட்டம் வராவிட்டால் கைக்காசு போகும். நட்சத்திரம் ஒருவர் அந்த இரவில் நடிக்க ஒப்புக்கொண்டால் ஒரு குடும்பத்தின் ஆண்டுப் பிழைப்பு தப்பிக்கும். வாஃபிங்டன் அப்படி ஒப்புக்கொள்பவர்.

கேள்வி: டப்ளின் அரங்கை ரசிகர்கள் உடைத்தது இவரால்தானா?

இல்லை, ஒரு ‘ஒன்ஸ்மோர்’ பிரச்சினையால். 1754-இல் அயர்லாந்துப் பாராளுமன்றத்தில் அரசுக் கட்சிக்கும் ‘தேசபக்தர்’ கட்சிக்கும் வரவு செலவுப் பணத்தைப் பற்றி மோதல் முற்றியிருந்தது. ஷெரிடன் சனிக்கிழமைதோறும் அரங்கில் ‘பீஃப்ஸ்டேக் கிளப்’ விருந்து நடத்தினார். பிரபுக்களும் உறுப்பினர்களும் வருவார்கள், தலைமை நாற்காலியில் வாஃபிங்டன், அங்கே இருந்த ஒரே பெண். அது அரசுக் கட்சியின் மேசை என்று ஊர் முடிவு கட்டியது.

அந்த நேரத்தில் வோல்டேரின் ‘மஹோமெட்’ நாடகத்தின் ஆங்கில வடிவத்தை எடுத்தார்கள். நம்பி அனுப்பியவர்களைக் காசுக்கும் பதவிக்கும் விற்பவர்களைச் சபிக்கும் பேச்சு ஒன்று அதில் வரும். பிப்ரவரியில் முதல் முறை போட்டபோது அரங்கு ஒன்ஸ்மோர் கேட்டது, நடிகர் வெஸ்ட் டிக்ஸ் மறுபடி பேசினார். அடுத்த முறை போடுவதற்கு முன், நாடகத்தின் நடுவே திரும்பப் பேசுவது தகாது என்று ஷெரிடன் குழுவைக் கூட்டிப் பாடம் எடுத்தார். மார்ச் 2-ஆம் தேதி மறுபடி ஒன்ஸ்மோர். தான் பேசினால் தனக்குக் கெடுதல் வரும் என்று டிக்ஸ் சொன்னதும் கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. ஷெரிடனைக் கூப்பிட்டார்கள், அவர் வீட்டுக்குப் போய்விட்டார். சமாதானம் பேச மேடைக்கு அனுப்பப்பட்டவர் வாஃபிங்டன். கேட்பாரில்லை. பெஞ்சுகளைப் பெயர்த்தார்கள், திரையை வாளால் கிழித்தார்கள், தீ வைக்கவும் பார்த்தார்கள். ஷெரிடன் செய்த தவறு கொள்கையில் இல்லை. முதல் முறை அனுமதித்ததை இரண்டாம் முறை தடுத்தார், தடுத்தபின் வந்து முகம் காட்டவில்லை. அத்தோடு வாஃபிங்டன் லண்டன் திரும்பினார்.

கேள்வி: மதம் மாறினாரா?

ஆம், கத்தோலிக்கத்திலிருந்து அயர்லாந்தின் புராட்டஸ்டன்ட் அரசுத் திருச்சபைக்கு, 1752 கடைசியில், கேவன் மாவட்டத்தில் ஷெரிடனின் ஊரான குவில்காவில். ஓவன் மக்ஸ்வினி என்ற முதிய அரங்க நிர்வாகி ஆண்டுக்கு 200 பவுண்டு வருமானம் உள்ள சொத்தை அவருக்கு எழுதிவைக்க இருந்தார். கத்தோலிக்கர் சொத்துப் பெறுவதைச் சட்டம் நெரித்த காலம் அது. காரணம் விளங்கும்.

கேள்வி: குரல் கரகரப்பு என்று குறை சொல்கிறார்களே?

குறை உண்மை. இன்பியல் நாடகத்தில் அது உப்புப் போலச் சேர்ந்தது, துன்பியலில் உறுத்தியது. சும்மா இருக்கவில்லை அவர். பாரிஸ் போய் பிரெஞ்சு நடிகை டியூமெனில் அம்மையாரின் நடிப்பைப் பார்த்துப் படித்தார். அதன்பின் துன்பியலில் தேறினார் என்றாலும், ஊர் அவரைத் தேடி வந்தது இன்பியலுக்குத்தான்.

கேள்வி: கடைசி இரவில் என்ன நடந்தது?

1757 மே 3, கவென்ட் கார்டன். சக நடிகர்களுக்கான உதவி நாடக இரவு. ரோசலிண்ட் வேஷம். பக்கத்திரையில் நின்ற வில்கின்சன் சொல்வது இது: நான்கு அங்கம்வரை எந்த மாறுதலும் தெரியவில்லை. ஐந்தாம் அங்கத்தில் உடம்பு முடியவில்லை என்றார். வில்கின்சன் கைகொடுக்க, பிடித்துக்கொண்டார். தன் குரலைப் போலிசெய்து கேலி செய்தவன் என்பதால் அதற்குமுன் அவர் அந்த இளைஞனிடம் கடுமையாகவே இருந்தார். கடைசி உடை மாற்றத்துக்கு உள்ளே வந்தபோதும் முடியவில்லை என்றார். ஆனாலும் உடுத்திக்கொண்டு வெளியே போனார்.

ரோசலிண்ட் தனியாக நின்று அரங்கோடு பேசும் முடிவுரை. நல்ல நாடகத்துக்கு முடிவுரை தேவையில்லை என்ற வரியைச் சொன்னார். நான் பெண்ணாக இருந்தால், எனக்குப் பிடித்த தாடி வைத்தவர்களையெல்லாம் முத்தமிடுவேன் என்ற இடத்துக்கு வந்ததும் குரல் உடைந்தது. தொடர முயன்றார், முடியவில்லை. “கடவுளே! கடவுளே!” என்று அலறித் தள்ளாடிக் கதவுப் பக்கம் வந்தவரைத் தாங்கிப் பிடித்தார்கள். அவர் மறையும்வரை கைதட்டிய அரங்கு, மறைந்தபின் உறைந்து போனது.

அந்த வரி முதலில் பெண் வேஷம் போட்ட பையனுக்காக எழுதப்பட்டது. ஆண் வேஷத்தால் புகழ்பெற்ற பெண்ணின் வாயில் அது நின்றுபோனது. அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் உயிரோடு இருந்தார், மேடைக்கு வரவில்லை.

கேள்வி: அவரோடு தொடர்புள்ள எதையாவது இன்று பார்க்க முடியுமா?

டப்ளினில் ஸ்மாக் ஆலி. நடுவில் தேவாலயமாக இருந்து, 2012-இல் மறுபடி நாடக அரங்காகத் திறந்தது. டப்ளின் தேசியக் கலைக்கூடத்தில் 1753-இல் ஜான் லூயிஸ் வரைந்த உருவப்படம் இருக்கிறது. 800 பவுண்டு வாங்கிய நாட்களின் முகம். லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் ஆர்தர் பாண்ட் வரைந்தது, நோயில் விழுந்தபின் எடுத்தது: படுக்கையில், தலையணையில் சாய்ந்த தலை. இரண்டுமே எப்போதும் சுவரில் இருக்கும் என்று சொல்ல முடியாது, போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். டெடிங்டனில் நினைவுக் கல். தங்கை மேரியின் கணவர் குடும்பப் பெயரையும் அந்தக் கல்லில் காண்பீர்கள். ஆங்கிலத்தில் நீளமாக எழுதி ‘சம்லி’ என்று உச்சரிப்பார்கள். சார்லஸ் ரீட் 1853-இல் அவரைப் பற்றி எழுதிய நாவலை மட்டும் வரலாறாக எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம், அது கற்பனை. அதைப் படிப்பதானால் கல்லைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.